சட்டி சுமக்கிற கையில் கரண்டியும் இருக்கட்டும்

வளரிளம் பெண்கள் குழுவுக்கு ஐந்து வாரச் செய்முறைப் பாடம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். "உங்களில் கட்டட வேலைக்குப் போனவங்க எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம்." பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். "கரண்டி பிடிச்சுச் செங்கல் வச்சவங்க எத்தனை பேர்?" ஒரு கையும் எழும்பவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா மட்டும், "கரண்டியக் கழுவிக் குடுத்திருக்கோம் மேடம், அது கணக்குல சேருமா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வெயில், அதே சாரம், அதே சிமென்ட் தூசி. ஒருவருக்கு வேலையின் கணக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் பிள்ளைகளுக்காவது சொல்லித் தர வேண்டாமா?

அதற்காகத்தான் இந்தப் பாடம். நம் வளரிளம் பெண்கள் குழுக்களில் கோலம், தையல், பாட்டு, சத்துணவு பற்றிய பேச்சு எல்லாம் நடக்கிறது. நல்லதுதான். அதோடு சேர்த்து, ஒரு பொருள் எப்படி நிற்கிறது, எதனால் விழுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் அவர்கள் கையால் செய்து பார்க்கட்டும். இதற்கு இன்ஜினியர் வர வேண்டியதில்லை. ஊக்குநரும் இரண்டு தாய்மாரும் போதும்.

தொடங்கும் முன்

10 முதல் 12 பிள்ளைகள் இருந்தால் நல்லது. மூன்று பேருக்கு ஒரு அணி. சனி அல்லது ஞாயிறு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேவையான பொருட்களில் பெரும்பாலானவை நம் வீட்டிலேயே கிடக்கும்: எழுதி முடித்த நோட்டுத் தாள், தென்னை ஈர்க்கில், நூல், சிரட்டை, செங்கல். காசு கொடுத்து வாங்க வேண்டியது, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று மட்டும்தான். அதைக் குழுப் பொதுச் செலவில் வாங்கி வையுங்கள். பிறகு ஊருக்கே பயன்படும்.

நடத்துகிறவர்களுக்கு மூன்று விதிகள்.

1. உங்கள் கை உங்கள் மடியில் இருக்கட்டும். பிள்ளை தடுமாறினால் "ஏன் விழுந்துது மக்ளே?" என்று கேளுங்கள். வாங்கிச் செய்து காட்டாதீர்கள்.
2. விழுந்தால் கைதட்டுங்கள். விழுந்ததில் இருந்துதான் பாடம் கிடைக்கும்.
3. குழுவுக்குத் தீர்மான நோட்டு இருக்கிற மாதிரி, பிள்ளைகளுக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும். என்ன செய்தோம், என்ன நடந்தது, ஏன் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை எழுத வேண்டும். படமும் வரைய வேண்டும்.

முதல் வாரம்: தாள் பாலம்

இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் அடுக்குங்கள். நடுவில் அரை அடி இடைவெளி. அதன் மேல் ஒரு தாளை வையுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை நடுவில் வைத்ததும் தாள் தொய்ந்து உள்ளே போய்விடும்.

"இதே ஒரு தாள்தான். ஒட்டக்கூடாது, வேற எதுவும் சேர்க்கக்கூடாது. எத்தனை காசு தாங்க வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் நாலாக மடிப்பார்கள். கொஞ்சம் தாங்கும். யாராவது ஒரு பிள்ளை விசிறி மடிப்பாக மடிக்கும். அல்லது இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கி விட்டு, தண்ணீர் ஓடுகிற ஓடை மாதிரி செய்யும். அப்போது பாருங்கள். நான் போன ஒரு குழுவில் விசிறி மடிப்பு 30 காசுக்கு மேல் தாங்கியது. பிள்ளைகளிடம் காசு தீர்ந்து போய், என் பையில் இருந்த சில்லறையையும் வாங்கி வைத்தார்கள்.

பாடம் இதுதான். பொருள் கூடவில்லை, வடிவம் மாறியது. தட்டையாகக் கிடந்த தாளுக்கு இப்போது உயரம் வந்துவிட்டது. ஒரு மர ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளையும். அதையே நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் வளையாது. கட்டடத்தில் பீம் அகலம் குறைவாகவும் உயரம் கூடுதலாகவும் இருப்பது இதனால்தான். கூரைத் தகரத்தில் வரி வரியாக மடிப்பு இருப்பதும் இதனால்தான். எத்தனை வருடமாக அந்தத் தகரத்தின் கீழ் இருக்கிறோம், இதை யோசித்திருக்கிறோமா?

இரண்டாம் வாரம்: ஈர்க்கில் கோபுரம்

வாரியலில் இருந்து நல்ல ஈர்க்கிலாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நான்கை நூலால் முனையில் கட்டி ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து கோணலாகும். அடுத்து, மூன்றைக் கட்டி ஒரு முக்கோணம். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது அசையாது. இப்போது சாய்ந்த சதுரத்துக்கு மூலைக்கு மூலை ஒரு குறுக்கு ஈர்க்கில் கட்டுங்கள். சதுரம் விறைப்பாக நிற்கும். காரணம், அது இப்போது இரண்டு முக்கோணம்.

பிறகு போட்டி. ஒவ்வொரு அணிக்கும் 30 ஈர்க்கில், ஒரு நூல்கண்டு. ஒரு முழ உயரத்துக்குக் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் ஒரு சிரட்டையை வைத்து, அதில் மணல் போட வேண்டும். எந்த அணியின் கோபுரம் அதிக மணல் தாங்குகிறதோ அதற்கு வெற்றி. விழுந்த கோபுரத்தை எடுத்து, "முதல்ல எந்த இடம் கொடுத்துது?" என்று தேடச் சொல்லுங்கள். கட்டு நெகிழ்ந்ததா, கால் வளைந்ததா, அடி சறுக்கியதா? இந்தத் தேடல்தான் உண்மையான இன்ஜினியர் வேலை.

வீட்டுக்குப் போகும் வழியில் முக்கோணம் எண்ணச் சொல்லுங்கள். ஓட்டுக் கூரையின் கைமரம், மின்கோபுரம், சைக்கிள் சட்டம், சாரத்தின் குறுக்குக் கம்பு. சகோதரிகளே, இந்தச் சாரத்துக் குறுக்குக் கம்பை நீங்களும் கவனியுங்கள். நேர்க் கம்பும் படுக்கைக் கம்பும் மட்டும் கட்டி, குறுக்குக் கம்பு இல்லாமல் விட்ட சாரத்தில் சட்டியோடு ஏறாதீர்கள். "முக்கோணம் எங்கே?" என்று கேளுங்கள்.

மூன்றாம் வாரம்: வில் பாலம்

இதை உடம்பால் தொடங்கலாம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிராக நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போக வேண்டும். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள். ஓரளவுக்கு மேல் போனால் கால் பின்பக்கமாகச் சறுக்கும். இப்போது இன்னும் இரண்டு பேர் அவர்களின் குதிகாலுக்குப் பின்னால் தங்கள் பாதத்தை வைத்து அணை கொடுக்கட்டும். சறுக்கல் நின்றுவிடும். வளைவின் பலமும் அதன் பலவீனமும் இதுதான். சுமையைத் தாங்கும், ஆனால் அதன் கால் இரண்டும் வெளியே போகப் பார்க்கும். யாராவது பிடிக்க வேண்டும்.

யார் பிடிப்பது? வில்லில் நாண் பிடிக்கிறது. ஒரு மூங்கில் சிம்பை வளைத்து, இரண்டு முனையையும் நூலால் இழுத்துக் கட்டுங்கள். பச்சையாக இருந்தால் வளையும், காய்ந்தது முறியும். இதே மாதிரி இரண்டு வில் செய்து, ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி, வளைவில் இருந்து சின்னச் சின்ன நூல்களைத் தொங்கவிட்டு, அதில் ஒரு அட்டையைக் கட்டுங்கள். பாலம் தயார்.

இதை நம் மாவட்டத்திலேயே பெரிதாகப் பார்க்கலாம். கன்னியாகுமரிக் கடலில் விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி உயர அய்யன் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் இந்த வில் வகைதான். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். அங்கே போகிறவர்கள் காலடியில் தெரிகிற கடலைப் பார்த்துத்தான் பயந்து போகிறார்கள். நம் பிள்ளைகள் தலைக்கு மேலே வளைந்து போகிற அந்த வில்லையும், அதில் இருந்து தொங்குகிறதையும் பார்த்து, "இதை நாங்க செஞ்சிருக்கோம்" என்று சொல்லட்டும்.

நான்காம் வாரம்: தண்ணி மட்டம்

ஐந்து வாரத்தில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டுக்கு ரொம்ப உதவுவதும் இதுதான்.

சுமார் 30 அடி நீளமுள்ள தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது. இருந்தால் மட்டம் பொய் சொல்லும். குழாயைத் தூக்கிப் பிடித்துத் தட்டினால் குமிழி மேலே வந்துவிடும். இப்போது இரண்டு முனையையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையைக் கொண்டுபோய் வீட்டின் மறுபக்கம் வைத்தாலும், நடுவில் சுவர் இருந்தாலும், குழாய் வளைந்து நெளிந்து கிடந்தாலும், தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.

செய்முறை: ஒரு சுவரில், தரையில் இருந்து சரியாக 3 அடி உயரத்தில் பென்சில் கோடு போடுங்கள். குழாயின் ஒரு முனைத் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி ஒரு பிள்ளை பிடிக்கட்டும். மறுமுனையை இன்னொரு பிள்ளை எதிர்ச் சுவரில் பிடித்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் கோடு போடட்டும். அந்தக் கோட்டில் இருந்து தரைக்கு எத்தனை அடி என்று டேப்பால் அளவு எடுங்கள். 3 அடி 1 அங்குலம் இருந்தால், அந்தப் பக்கத் தரை 1 அங்குலம் தாழ்ந்திருக்கிறது. 2 அடி 11 அங்குலம் இருந்தால், 1 அங்குலம் உயர்ந்திருக்கிறது. இவ்வளவுதான் கணக்கு.

குளியலறைத் தரை தண்ணீர் போகிற ஓட்டையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். 5 அடி அறை என்றால் முக்கால் அங்குலம். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குளியலறையை அளந்து வரட்டும். எத்தனை வீட்டில் தண்ணீர் தேங்குகிறது, எத்தனை வீட்டில் அம்மா தினமும் வாரியலால் தள்ளுகிறாள் என்று அடுத்த வாரம் கேளுங்கள்.

இந்த வாரத்தோடு சொல்ல வேண்டிய ஒரு நடந்த கதை இருக்கிறது.

நம் குழுவில் உள்ள ஒரு அக்கா, குழுக் கடனும் வாங்கி, சிட்டுப் பணமும் போட்டு, வீட்டோடு ஒரு குளியலறை கட்டினார். அதுவரை வீட்டில் குளியலறை இல்லை. மூன்று பெண்பிள்ளைகள். தரை போட்டு, டைல்ஸ் ஒட்ட இருந்த நேரம். மூத்தவள் பத்தாம் வகுப்பு, நம் வளரிளம் குழுவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரம் தங்கச்சியைக் கூட்டி, குழுக் குழாயைக் கொண்டுபோய் அளந்திருக்கிறாள். தண்ணீர் போகிற மூலை, வாசல் பக்கத்தைவிட அரை அங்குலம் மேலே இருந்தது. அதாவது குளித்த தண்ணீர் எல்லாம் வீட்டுக்குள் வரும்.

மறுநாள் கொத்தனாரிடம் சொன்னாள். "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? போய்ப் படி" என்றார். அவள் முகம் வாடிப்போனது. அப்போது அம்மா சொன்னார்: "ஒரு தடவ பாத்துருவோமே கொத்தனாரே. பாத்தா குறைஞ்சா போயிரும்?"

அவர் தன் குழாயை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கே தரையைக் கொத்தி மறுபடி போட்டார். வேலை முடிந்து போகும்போது மட்டும், "பிள்ள நல்லா பாத்துருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் பாராட்ட வேண்டும். எல்லாரும் அப்படி ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த அக்கா அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசினார். வழக்கமாகப் பேசாதவர். "பதினெட்டு வருசம் சித்தாள் வேலைக்குப் போயிருக்கேன். எத்தனையோ தடவ அந்தக் குழாயோட ஒரு முனைய என் கையில தந்து பிடின்னு சொல்லியிருக்காங்க. பிடிச்சிருக்கேன். எதுக்குப் பிடிக்கேன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல. என் மவ கேட்டுருக்கா" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஐந்தாம் வாரம்: கான்கிரீட்

இந்த வாரம் பெரியவர்கள் இருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். சிமென்ட் கையைப் பொத்துவிடும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2 டம்ளர் சிமென்ட், 3 டம்ளர் மணல், 6 டம்ளர் சின்ன ஜல்லி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு வழக்கமான 1:1½:3 கலவை இதுதான். தண்ணீர் ஒன்றரை டம்ளர் போதும். வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் பலம் குறையும். ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. சட்டியில் கலவை தண்ணியாக ஓடினால் சுமப்பதற்கு நமக்கு லேசு, ஆனால் வீட்டுக்குக் கேடு.

கலவையை உட்புறம் எண்ணெய் தடவிய இரண்டு சிரட்டையில் போட்டு, மறுநாள் எடுங்கள். ஒன்றைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மற்றதை வெயிலில் வையுங்கள். 10 நாள் கழித்து இரண்டையும் ஆணியால் கீறிப் பார்க்கட்டும். வெயிலில் காய்ந்தது சுலபமாகப் பொடியும். சிமென்ட் காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் கெட்டியாகிறது. அதனால்தான் க்யூரிங் என்று சொல்லி நனைத்து வைக்கிறோம். இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. வகை சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். நம் வீடு கட்டும்போது தண்ணீர் ஊற்றுவது பெண்களின் வேலைதான். அது எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். வீட்டின் பலத்தில் பாதி அந்தக் குடத்தில் இருக்கிறது.

அடுத்து, ஒரு நீளமான ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கோடு போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். கான்கிரீட் நசுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. ஆகவே இரண்டு சுவருக்கு நடுவில் உள்ள தளத்தில் முக்கியக் கம்பி கீழ்ப்பக்கம் வர வேண்டும். இப்போது ஸ்பாஞ்சின் ஒரு முனையை மட்டும் மேசையோடு அழுத்திப் பிடித்து, வெளியே நீண்டிருக்கும் முனையைக் கீழே அழுத்துங்கள். இதில் மேல்பக்கம் விலகும். இதுதான் சன்ஷேடு. சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும்.

இதைச் சித்தாள் வேலைக்குப் போகிற சகோதரிகள் மறக்கக்கூடாது. கான்கிரீட் போடும்போது நாம் கம்பி மேல் மிதித்து நடக்கிறோம். சன்ஷேடில் அப்படி மிதித்தால் கம்பி கீழே இறங்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முட்டுப் பலகையைப் பிரிக்கும்போது அது விழலாம். கீழே நிற்பதும் நாமாகத்தான் இருப்போம்.

களப்பயணம்: மாத்தூர் தொட்டிப் பாலம்

ஐந்து வாரமும் முடிந்ததும் பிள்ளைகளை மாத்தூருக்குக் கூட்டிப் போங்கள். பலர் ஏற்கனவே போய்ப் போட்டோ எடுத்திருப்பார்கள். இந்தத் தடவை நோட்டும் பென்சிலும் கொண்டு போகட்டும்.

காமராசர் காலத்தில் எடுத்த முயற்சியால், கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் வறட்சியைப் போக்கக் கட்டிய பாலம் அது. 1966இல் முடிந்தது. பறளியாற்றுக்கு மேலே, ஒரு மலையில் இருந்து எதிர்மலைக்குப் பட்டணங்கால் தண்ணீரைக் கொண்டுபோகிறது. 28 தூண்கள். உயரமான தூண் 115 அடி. தண்ணீர் ஓடும் தொட்டி 7 அடி உயரம், 7½ அடி அகலம். மோட்டார் கிடையாது. கரண்டு கிடையாது. நான்காம் வாரம் பார்த்த சரிவு ஒன்றுதான் தண்ணீரை நடத்திக்கொண்டு போகிறது.

அங்கே நின்று ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். தொட்டி விளிம்பு வரை நிறைந்தால், ஒரு அடி நீளத்தில் எவ்வளவு தண்ணீர்? 7 பெருக்கல் 7½ என்றால் 52½ கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, ஒரு அடிக்குச் சுமார் ஒன்றரை டன். 50 கிலோ அரிசி மூட்டை 30, ஒவ்வொரு அடியிலும்! இதைத்தான் அந்தத் தூண்கள் இத்தனை வருடமாகச் சுமக்கின்றன. முதல் வாரம் தாளின் ஓரத்தைத் தூக்கிவிட்டு ஓடை மாதிரி செய்த பிள்ளைக்கு, தொட்டியின் வடிவத்தைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும். அதைக் கவனியுங்கள். (பாலத்தின் மேல் ஓடவோ கைப்பிடியில் ஏறவோ விடக்கூடாது. நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும்.)

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எனக்கும் வந்தது. பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக் போகிறேன் என்று சொன்னேன். "நீ சாரத்துல ஏறவா போறே?" என்று வீட்டில் சிரித்தார்கள். பிறகு சமூகப் பணி படித்தேன். அதில் வருத்தம் இல்லை. உங்களோடு இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். அந்தப் பதிலின் பெயர் லலிதா.

அ. லலிதா 1919இல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண்ணின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அங்கே அதுவரை ஆண்கள் மட்டும்தான் படித்தார்கள். அப்பா கல்லூரி முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கினார். லலிதா மின்பொறியியல் படித்து 1943இல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண் என்று கையால் திருத்திக் கொடுத்தார்கள்! பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலைகளிலும் பங்கெடுத்தார். குழந்தையையும் வளர்த்து ஆளாக்கினார்.

அவர் ஒருவர் நுழைந்ததும் கதவு திறந்தது. கேரளத்தைச் சேர்ந்த திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இரண்டு பெண்களும் அதே கல்லூரியில் கட்டடப் பொறியியல் சேர்ந்தார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ரோடும் பாலமும் ஒரு பெண்ணின் கையெழுத்தில் நடந்தன.

மேலே படிக்க

நாகர்கோவில் கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ., அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தாலே பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம் படிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 சட்டப்படி உண்டு. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. எனவே வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் உடனே புதுப்பியுங்கள். சேர்க்கை நேரத்தில் அந்த வருட விதிகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் என்ன ஆனாலும், நாளைக்குத் தன் வீட்டைக் கட்டும்போது கொத்தனாரிடம் கேள்வி கேட்கத் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும். கடன் நம் பெயரில், தவணை நம் கையில். வீட்டின் கணக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. உங்கள் வீட்டைக் கட்டும்போது எந்தெந்த முடிவு உங்களைக் கேட்டு எடுத்தார்கள்? எதைக் கேட்கவில்லை?
2. உங்கள் வேலை இடத்தில் பாதுகாப்பு இல்லாத ஒரு பழக்கம் என்ன? அதை யாரிடம், எப்படிச் சொல்வது?
3. நம் ஊர் வளரிளம் பெண்கள் குழுவில் இந்தப் பாடத்தை எந்த மாதம் தொடங்கலாம்? குழாயை யார் பொறுப்பில் வைப்பது? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

அந்த அக்கா வீட்டுக் குளியலறை வேலை முடிந்தபின் போய்ப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள். ஒரு சொட்டு நிற்காமல் மூலைக்குப் போனது. சின்னவள் இன்னொரு வாளி ஊற்றப் போனாள். "தண்ணிய வீணாக்காதட்டி" என்று அம்மா சத்தம் போட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு.

உங்கள் குழுவில் செய்து பார்த்ததை, விழுந்ததையும் சேர்த்து, எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் வரைந்த படங்களையும் அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்